புதுக் கம்ப்யூட்டரும் ஹால் ஃபேனும்

என் கம்ப்யூட்டர் உயிர் பெறும்போது ஒரே ஒரு முறை ‘பீப்’ என்று சத்தம் போடும். காலையில் நான் சுவிட்சைத் தட்டியதும் அது கேட்டால் மனதுக்கு நன்றாக இருக்கும். நான் எதையும் தொடாதபோது, வேலையின் நடுவில் கேட்டால் கெட்ட சேதி. கம்ப்யூட்டர் தானாக அணைந்து, தானாகவே மறுபடி எழுந்திருக்கிறது என்று அர்த்தம். சேமிக்காமல் வைத்திருந்த வேலை அவ்வளவும் போயிற்று என்று அர்த்தம். சென்ற குறுவைப் பருவம் முழுக்க அந்தச் சத்தத்தை எதிர்பார்த்தபடியே கிடந்தேன். சோறு வடிக்கும்போதும் காது அந்த அறைப் பக்கமே இருந்தது.

நான் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவள். ப்ளஸ் டூ முடித்த கையோடு மயிலாடுதுறையில் ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்தேன். முன்னால் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் பேசச் சொன்னார்கள். எனக்கு வாய் வரவில்லை. பின்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். கல்யாணமாகி திருப்பனந்தாள் பக்கம் வந்த பிறகும் பஸ் ஏறிப் போய் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்தேன். பெண்ணின் நெற்றியில் வியர்வை மினுங்குவதை எடுத்துவிடுவேன். பந்தியில் வாயைத் திறந்தபடி மாட்டிக்கொண்ட பெரியப்பாவை வேறு படத்துக்குப் பின்னால் ஒளித்துவைப்பேன். ஆயிரம் பேரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அவர்களில் ஒருவரும் என்னிடம் பேச மாட்டார்கள். எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

மாமியார் காலமான பிறகு இது நின்றுபோனது. மாமனார் கொல்லையில் ஒருமுறை வழுக்கி விழுந்தவர்; கம்பு ஊன்றித்தான் நடப்பார். அவரைப் பகலில் தனியாக விட முடியாது. வீட்டுக்காரர் வயலுக்குப் போய்விடுவார். வேலையை விடுவதாகச் சொல்லப் போனபோது ஸ்டூடியோ நடத்துகிற அண்ணன்தான் வழி சொன்னார்.

“வீட்லேருந்தே பண்ணும்மா. ஆனா சொந்தமா ஒரு சிஸ்டம் வேணும். ஒரு ஆல்பம் குடுத்துப் பாக்குறேன். சொன்ன தேதிக்கு வந்துச்சுன்னா இனிமே எல்லாம் உனக்குத்தான். இழுத்துச்சுன்னா சொல்லிட்டேன், கும்பகோணத்துல ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான்.”

கொடுத்த ஆல்பம் வேதாரண்யம் பக்கத்து முஸ்லிம் குடும்பம் ஒன்றின் நிக்காஹ். மாப்பிள்ளை துபாயில் வேலை பார்க்கிறவர். லீவு முடிந்து கிளம்பும்போது ஆல்பத்தைக் கையோடு எடுத்துப்போக வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஆக, அவருடைய விமான டிக்கெட்டின் தேதிதான் என் தேதியும். அது தவறினால் இந்த வேலை போகும். இது போனால் எனக்குத் தெரிந்த வேறு வேலை ஒன்றுமில்லை. தெரிந்துகொண்டாலும் அது ஏதாவது ஒரு கடையில் நின்று பேசுகிற வேலையாகத்தான் இருக்கும்.

தஞ்சாவூரில் ஒரு கடையில் பாகங்களை வாங்கினோம். “கோத்துக் குடுக்கவா?” என்று கடைக்காரர் கேட்டார். அதற்கு நாளை வர வேண்டும், அதற்கு முன்னால் போன் செய்து கேட்க வேண்டும் என்றார். இன்னொரு முறை வந்து பேசுவதைவிட நானே கோர்ப்பது சுலபம் என்று எனக்குத் தோன்றியது. ஸ்டூடியோவில் ரிப்பேர்காரர் வந்து பிரிக்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள்தான். செல்போனில் வீடியோவையும் வைத்துக்கொண்டு, நெல் மூட்டை அடுக்கியிருந்த சின்ன அறையை ஒழித்து, பாயை விரித்துக் கோர்த்தேன். பெட்டிக்குள் கடைசி வயரைச் செருகி சுவிட்சைத் தட்டியதும் பீப் என்றது. வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று, “அட, பேசுதே!” என்றார். அன்று எனக்குக் காலே தரையில் இல்லை.

ஆல்பத்தில் முதல் சில பக்கங்கள் முடித்திருந்தேன். மணப்பெண்ணின் மருதாணிக் கையைப் பெரிதாக்கி, அதன் மேல் மோதிரத்தைக் கொண்டுவந்துகொண்டிருந்தேன். திரை கறுத்தது. பீப்.

ஏதோ தவறுதலாகத் தொட்டுவிட்டேன் என்று நினைத்தேன். மறுபடி செய்தேன். மத்தியானத்துக்குள் மறுபடி போயிற்று. மறுநாளும் அப்படித்தான். சில சமயம் ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடும்; நான் நம்ப ஆரம்பித்ததும் போகும். நீலத் திரை வந்து ஏதாவது எழுத்து காட்டினாலாவது என்ன கோளாறு என்று தேடலாம். இது ஒன்றும் சொல்லவில்லை. விளக்கை ஊதியது மாதிரி அணைந்தது.

நான் கோர்த்தது என்பதால் என் கையைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். பெட்டியைக் கழற்றினேன். மெமரிப் பட்டையான ராமைப் பிடுங்கி, அழி ரப்பரால் அதன் பித்தளை நிறப் பற்களைத் துடைத்து, வேறு பள்ளத்தில் செருகினேன். சூடாகிறதோ என்று ப்ராசசர் மேலே இருக்கிற சின்ன ஃபேனைத் தூக்கி, அதன் அடியில் சூட்டைக் கடத்துகிற பேஸ்டை வழித்துப் புதிதாகத் தடவினேன். ஒவ்வொரு வயரையும் அழுத்திப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மூடியபின் நன்றாக ஓடுவதுபோல் இருக்கும். ராமைச் சோதிக்கிற ஒன்றை ஓடவிட்டு, மீன் அலசிவிட்டு வந்து பார்த்தால், சோதனை பாதியில் நின்று முதல் திரை வந்து உட்கார்ந்திருந்தது. சரி, ராம்தான் என்று தஞ்சாவூர்க் கடைக்குப் போன் செய்தேன். என்ன பேச வேண்டும் என்று முதலிலேயே மனப்பாடம் செய்துவைத்திருந்தேன்.

“எங்க கோத்தீங்க?”

“நானேதாங்க கோத்தேன்.”

“ஓ.” அந்த ‘ஓ’வை அவர் நீளமாக இழுத்தார். “அப்ப நாங்க ஒண்ணும் சொல்ல முடியாதுங்களே. சரி, ராம மட்டும் கொண்டாங்க, மாத்தித் தரேன்.”

வீட்டுக்காரர் போய் மாற்றி வந்தார். புது ராமிலும் அதே பீப். இப்போது எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகம். கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அதுதான். இரவில் கண்ணை மூடினால் வயர்கள் வந்தன. எண்ணெய்க் கையோடு அடுப்பிலிருந்து ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன், ஓடிக்கொண்டிருக்கும். திரும்பி வருவேன், தோசை கருகியிருக்கும். ஒரு படம் வைத்தால் ஒரு முறை சேமித்தேன். அப்புறம் படத்தைக் கொஞ்சம் நகர்த்தினாலே ஒரு முறை. ஒருநாள் சேமித்துக்கொண்டிருக்கும்போதே அணைந்து, அந்தக் கோப்பு திறக்கவே மாட்டேன் என்றது. வலீமா விருந்துப் பக்கங்கள் எல்லாம் அதில் இருந்தன. அன்று அந்த அறையிலேயே பாயில் படுத்துவிட்டேன்.

“கரண்டா இருக்குமோ?” என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

“கரண்டுன்னா டிவியும்ல அணையணும்? அப்பா நாள் முழுக்க டிவிதான் பாக்குறாரு. ஒரு நாளாவது அணைஞ்சுதுன்னு சொன்னாரா? ஃபிரிட்ஜ் ஓடுது, லைட்டு எரியுது. அதான் இன்வெர்ட்டர் வேற இருக்கே. கம்ப்யூட்டர் மட்டும்தான் அணையுதுன்னா கோளாறு கம்ப்யூட்டர்லதான்.”

கோளாறு கம்ப்யூட்டரில் என்றால் கோளாறு என் கையில்.

கடைசியில் பெட்டியைப் பெட்ஷீட்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு மயிலாடுதுறைக்கே போனேன். அன்று வீட்டுக்காரர் வயலுக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். ஸ்டூடியோ அண்ணன் வேண்டுமென்றே யூபிஎஸ் இல்லாத பிளக்கில் மாட்டினார். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடிற்று. கனமான படங்களாகத் திறந்து திறந்து பார்த்தோம். ஒரு முறைகூட பீப் இல்லை.

“நல்லாத்தானேம்மா கோத்திருக்க!” என்றார் அண்ணன். “இங்க வந்தா சிரிக்குது, அங்க போனா அழுவுது. புகுந்த வீடு புடிக்கல போலருக்கு.”

பின்னறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உடனே அவர் குரல் மாறியது. “டேட் ஞாபகம் இருக்குல்ல? மாப்ள வீட்லேருந்து தெனம் போன் வருது. அடுத்த வாரம் நீ குடுத்தாத்தான் பிரிண்ட் போட்டு பைண்டிங் பண்ண முடியும்.”

திரும்பி வரும் பஸ்ஸில் பெட்டியின் மேல் கை வைத்தபடியே வந்தேன். என் கை தப்பு செய்யவில்லை என்பது நிம்மதியாக இருந்தது. ஆனால் அந்த நிம்மதி ஊர் வந்து இறங்கும்வரைகூட இல்லை. கோளாறு வீட்டில் என்றால் வீட்டில் எங்கே?

எங்கள் வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாமனாரும் நானும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. மருமகள் மாமனாரிடம் எதிரே நின்று பேசுவது இந்த வீட்டில் பழக்கமில்லை, எனக்கும் அது வசதியாக இருந்தது. மாமியார் இருந்தவரை எல்லாம் அவர் வழியாகப் போய் வரும். அவருக்குப் பிறகு வீட்டுக்காரர் வழியாக. அவரும் இல்லாத பகலில் டம்ளர்தான் பேசும். ஸ்டூலின் மேல் டம்ளரைக் கொஞ்சம் அழுத்தி வைத்தால் காபி வந்துவிட்டது என்று அர்த்தம். அவர் காலி டம்ளரை நகர்த்தினால் போதும் என்று அர்த்தம்.

மயிலாடுதுறை போய் வந்த மறுநாள், கெட்டுப்போன வலீமாப் பக்கங்களை மறுபடி செய்துகொண்டிருந்தேன். சட்னிக்குத் தேங்காய் எடுக்க ஹால் வழியாகப் போனேன். மாமனார் டிவி முன்னால் ஈசிச்சேரில் இருந்தார். வெயில் கொளுத்தியது. சுற்று வட்டாரம் முழுக்க நடவுக்காக மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் வோல்டேஜ் விழுந்து, தலைக்கு மேல் ஃபேன் சோம்பேறித்தனமாகச் சுற்றியது. அவர் நிமிர்ந்து அதைப் பார்த்தார். கம்பை ஊன்றி எழுந்து, சுவரில் மெயின் போர்டுக்குப் பக்கத்தில் இருக்கிற கறுப்புக் குமிழைப் பிடித்து, டக்கென்று திருப்பினார். ஃபேன் வேகம் பிடித்தது. அவர் போய் உட்கார்ந்தார். டிவியில் ஒரு கோடுகூட அசையவில்லை.

அறையிலிருந்து பீப் கேட்டது.

தேங்காயோடு அங்கேயே நின்றுவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் மூன்று ஃபேஸ் லைன் எடுத்த வீடுகளில் இந்தக் குமிழ் இருக்கும். ஒரு ஃபேஸில் வோல்டேஜ் குறைந்தால் அடுத்ததுக்குத் திருப்பிக்கொள்வோம். நடவுக் காலத்தில் ஒரு நாளைக்குப் பல தடவை திருப்புவோம். யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் திருப்புவார்கள். நானும் திருப்புவேன், அதற்கு முந்தின நாள் காலையில்கூட, ஸ்டூடியோவுக்குக் கிளம்புகிற அவசரத்தில், ஈரக் கூந்தல் காயவில்லை என்று திருப்பிவிட்டுத்தான் போனேன். ஈ விரட்டுவதை யாராவது ஒரு வேலையாக நினைப்பார்களா? அப்படித்தான் இதுவும். ‘கரண்டில் ஏதாவது செய்தீர்களா’ என்று யார் கேட்டிருந்தாலும் நாங்கள் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்லியிருப்போம்.

குமிழ் ஒரு ஃபேஸிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும் இடைவெளியில் கரண்ட் நிற்கிறது. இன்வெர்ட்டர் உடனே பேட்டரிக்கு மாறுகிறது. ஆனால் அந்த மாறுதலுக்கு ஒரு நொடியில் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. டிவி அதைத் தாங்கிக்கொள்கிறது. ஃபேன் சுற்றின வேகத்திலேயே சுற்றுகிறது. பகல் வெளிச்சத்தில் லைட்டு கண் சிமிட்டியது யாருக்கும் தெரியாது. என் கம்ப்யூட்டர் மட்டும் தாங்கவில்லை.

இன்வெர்ட்டருக்குப் பின்னால் ஒரு குட்டி சுவிட்ச் உண்டு. அதை யூபிஎஸ் பக்கம் தள்ளினால் சீக்கிரமாக மாறும் என்று வீடியோவில் சொன்னார்கள். யாருக்கும் சொல்லாமல் தள்ளினேன். அன்று மாமனார் பழக்கத்தில் இரண்டு முறை குமிழைத் திருப்பினார். பீப் வரவில்லை. தலையணைக்கு உறை போட்டுக்கொண்டே பாட்டு முணுமுணுத்தேன். சாயங்காலம் ஊரில் கரண்ட் நின்றது. கூடவே எங்கள் ஃபேனும் நின்றது. அந்தப் பக்கம் தள்ளிவிட்டால் இன்வெர்ட்டர் குறைந்த வோல்டேஜை ஏற்றுக்கொள்ளாதாம். பகலெல்லாம் பேட்டரியிலேயே ஓட்டி அதைக் காலி செய்துவிட்டிருந்தது. மாமனார் பேப்பரை மடித்து விசிறிக்கொண்டு வியர்வையில் உட்கார்ந்திருந்தார்.

“புது பேட்டரி, அதுக்குள்ளயா போச்சு?” என்று வீட்டுக்காரர் அதைத் தட்டிப் பார்த்தார். அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு சுவிட்சைப் பழையபடி தள்ளினேன். தனியாக ஒரு யூபிஎஸ் வாங்கிவிடலாம் என்றார் அவர். கடையில் கேட்டோம். இந்தக் கம்ப்யூட்டருக்குத் தோதானது வரவழைத்துத்தான் தர வேண்டும், அது மாப்பிள்ளை கிளம்பிய பிறகுதான் வரும் என்று தெரிந்தது.

“அதுவரைக்கும் மாமாகிட்ட நீங்க சொல்லுங்களேன். நான் வேலை பாக்குறப்ப அத மட்டும் திருப்ப வேணாம்னு.”

“நானா?” சட்டை போட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். “அவரு கட்டுன வீட்ல, வேர்த்தாலும் பரவால்ல, ஃபேன் சுத்தலன்னாலும் பேசாம உக்காருங்கப்பான்னு நான் எப்படிச் சொல்றது? அம்மா போனதுலேருந்தே முகம் குடுத்துப் பேச மாட்டேங்கிறாரு. நீ சொல்லு. உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாரு.”

“நான் எப்படிங்க?”

“காபி குடுக்குறல்ல, அப்படியே சொல்லு.” நாற்றுக்கட்டு ஏற்ற ஆள் வந்துவிட்டார் என்று கிளம்பிவிட்டார்.

காபி கொண்டுபோனேன். டம்ளரை வைத்தேன். ஒரு நிமிடம் நின்றேன். திரும்பிவிட்டேன். அறைக்குள் போய் உட்கார்ந்தேன். ஹாலில் ஈசிச்சேர் கிரீச் என்றாலே மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். எழப் போகிறாரா, புரண்டுதான் உட்கார்ந்தாரா? இந்த அலைச்சலில் நாட்கள் ஓடி, அண்ணனிடம் கொடுக்க ஒரே நாள்தான் பாக்கி; இன்னும் முடிக்க வேண்டிய பக்கங்கள் வரிசையாக இருந்தன. கடைசியில் அத்தனையையும் பிரிண்டுக்குப் போகும் கோப்பாக ஒன்றாக வெளியே எடுக்க வேண்டும். அதற்குக் கம்ப்யூட்டர் நெடுநேரம் மூச்சுவிடாமல் ஓட வேண்டும். நடுவில் ஒரு டக் கேட்டால் முதலிலிருந்து.

மறுபடி ஒரு காபி கொண்டுபோனேன். அவர் காபி குடிக்கிற நேரமே இல்லை அது. அவர் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை, குடித்தார். நான் காலி டம்ளரோடு வந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பீப். மாப்பிள்ளையின் அம்மா மகனுக்கு மாலை போடுகிற பக்கம் போய்விட்டது.

எனக்கு அழுகை வரவில்லை; கோபம்தான் வந்தது. அதுவும் அவர் மேல் இல்லை, என் மேல். மூன்றாவது காபியைப் போட்டு எடுத்துக்கொண்டு போய், டம்ளரை வைக்காமலே நின்றேன்.

“மாமா.”

டிவியிலிருந்து திரும்பினார். என்னை நேராகப் பார்த்தார். எனக்கு முதலில் கண்ணில் பட்டது அவர் மீசை எப்படி இவ்வளவு வெளுத்தது என்பதுதான்.

“நீங்க அத திருப்புறப்ப... ஃபேஸ மாத்துறப்ப... உள்ள கம்ப்யூட்டர் அணைஞ்சிடுது மாமா. செஞ்ச வேலையெல்லாம் போயிடுது. இந்த ஆல்பத்த நாளைக்குள்ள குடுக்கணும். குடுக்கலன்னா இனிமே வேலை குடுக்க மாட்டாங்க. நான் முடிக்கிற வரைக்கும் கொஞ்சம்...”

அதற்கு மேல் எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. ‘திருப்பாதீங்க’ என்று அவரிடம் சொல்ல நாக்கு எழவில்லை.

அவர் குமிழைப் பார்த்தார். ஃபேனைப் பார்த்தார். என் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார்.

“இதச் சொல்லத்தான் மூணு காபியா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“எனக்கு வயித்துல இடமில்ல. அத நீயே குடி.” டிவிப் பக்கம் திரும்பினார். அதைப் பார்த்தபடியே, “நான் திருப்புனா அதுக்குத் தெரியுமா?” என்றார்.

“தெரியும் மாமா.”

“உங்க அத்தைக்குத்தான் தெரியும்னு நெனச்சேன். அடுப்படிலேருந்தே கத்துவா, ஏன் சும்மா சும்மா திருப்புறீங்கன்னு.”

நான் அறைக்குப் போய் அந்தக் காபியைக் குடித்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆகவே பதற்றம் குறையவில்லை. ஃபேன் சத்தத்தை வைத்தே வோல்டேஜைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என் தலைக்கு மேல் அது தளர ஆரம்பித்தது. ஹாலில் ஈசிச்சேர் கிரீச் என்றது. கம்பு தரையில் ஊன்றுகிற சத்தம். ஒன்று, இன்னொன்று, போர்டுப் பக்கமாக. நான் சேமிப்பதற்குக்கூட மறந்து, திரையைப் பார்த்தபடி உறைந்திருந்தேன்.

“மாத்தட்டுமா?”

ஹாலிலிருந்து குரல். யாரிடம் கேட்கிறார் என்று புரியவே ஒரு கணம் ஆயிற்று.

“வேணாம் மாமா!”

அடுப்படிக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் கேட்டிருக்கும். இந்த வீட்டில் அவ்வளவு சத்தமாக நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லிவிட்டு எனக்கே தூக்கிவாரிப்போட்டது. கம்பின் சத்தம் திரும்பிப் போயிற்று. பேப்பரை மடிக்கிற சரசரப்பு கேட்டது, விசிறிக்கொண்டிருக்கிறார்.

அவர் வியர்த்துக்கொண்டிருக்க நான் வேலை செய்வது நெஞ்சை உறுத்தியது. அந்தப் பக்கத்தை முடித்துச் சேமித்து, எல்லாவற்றையும் மூடினேன். வாசல்வரை போய், “இப்ப மாத்திக்கலாம் மாமா” என்றேன். டக். பீப். அந்தப் பீப்பை முதல் முறையாக நானே சொல்லி வரவழைத்தேன். மறுபடி திறந்து அடுத்த பக்கம். அடுத்த முறை ஃபேன் தளர்ந்தபோது அவர் எழவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார். “இருங்க மாமா, ஒரு நிமிஷம்” என்றேன். அப்படியே அந்த நாள் போயிற்று. மறுநாள் கடைசியில் அத்தனை பக்கங்களும் ஒன்றாக வெளியே வரும் நேரத்தில், வீட்டுக்காரர் வயலிலிருந்து வந்து, “என்னப்பா இப்படி வேர்க்குது, மாத்தக்கூடாதா?” என்று குமிழுக்குக் கை நீட்டினார்.

“டேய், தொடாத!” என்று மாமனார் போட்ட சத்தத்தில் அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “உள்ள வேலை ஓடுது.”

ஆல்பம் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளை அதைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் விமானம் ஏறினார். ஸ்டூடியோ அண்ணன் நல்லது கெட்டது ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கல்யாணத்தின் படங்களை ஒரு பென்டிரைவில் போட்டு, பஸ் கண்டக்டர் மூலம் அனுப்பிவைத்தார். அதிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

பிறகு யூபிஎஸும் வந்தது. இப்போது யார் எத்தனை முறை திருப்பினாலும் கம்ப்யூட்டர் அசையாது. மாமனாரிடம் இதை வீட்டுக்காரர் சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். நான் சொல்லவில்லை. ஃபேன் தளர்ந்தால் இன்னமும் ஹாலிலிருந்து அந்தக் குரல் வருகிறது. தேவையே இல்லை என்று தெரிந்தும், ஒரு முறை சேமித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.

“மாத்துங்க மாமா.”

டக் என்கிறது. பீப் வருகிறதா என்று என் காது அறைக்குள் ஒரு முறை போய்த் தேடிவிட்டு வருகிறது.